மறு: ஓராண்டு நோக்கு, ஏழுநாள் நோக்கு – வேலையின்மைக்கு முன்னால் ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வேலையின்மையைக் கணக்கிடும்போது கடந்த ஓராண்டைப் பார்க்கும் ‘யூஷுவல் ஸ்டேட்டஸ்’, கடந்த ஏழு நாளைப் பார்க்கும் ‘கரண்ட் வீக்லி ஸ்டேட்டஸ்’ இரண்டுக்கும் தமிழ் கேட்டு நான் எழுதிய மடலுக்குப் பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. வந்த பரிந்துரைகளை வைத்துக்கொண்டு பத்து நாள் யோசித்தேன். நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று சொல்கிறேன். தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

எனக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளையும் அமைச்சகங்கள் தரும் எழுத்துமூலப் பதில்களையும் தொகுதி மக்களுக்கான ஒரு செய்திமடலுக்காக (தொகுதி மடல்) தமிழாக்குகிறேன். அதில் அடிக்கடி கைக்கு வருவது வேலையின்மைக் கேள்விதான். வேலையில்லாதவர்கள் எத்தனை பேர், அதில் படித்த இளைஞர்கள் எத்தனை பேர், மாநிலவாரியாக விவரம் தருக என்று உறுப்பினர் கேட்பார். தொழிலாளர் அமைச்சகத்தின் பதில் பெரும்பாலும் ஒரே வாசகத்தில் தொடங்கும்: இதற்கான அதிகாரபூர்வ ஆதாரம், புள்ளியியல் அமைச்சகம் 2017-18 முதல் வேலை, வேலையின்மை பற்றி மாதிரி வீடுகளில் நடத்திவரும் பி.எல்.எப்.எஸ். ஆய்வு என்று. அப்புறம் ஓர் அட்டவணை. கேட்டது எண்ணிக்கை, கிடைப்பது நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. அட்டவணையின் தலையில் சின்ன எழுத்தில் ‘யூஷுவல் ஸ்டேட்டஸ், 15 வயதும் அதற்கு மேலும்’ என்று ஒரு வரி இருக்கும். தமிழில் வரும்போது பல இடங்களில் விழுந்துபோவது அந்த வரிதான்.

விழுந்தால் என்ன ஆகும்? 2023-24 ஆண்டறிக்கையில் வேலையின்மை 3.2 சதவீதம் என்று இருக்கிறது. அதே அறிக்கையில், அதே மக்களிடம் கேட்டு, 4.9 சதவீதம் என்றும் இருக்கிறது. முதலாவது யூஷுவல் ஸ்டேட்டஸ், இரண்டாவது வாரக் கணக்கு. ஆளும் கட்சிக்காரர் ஒன்றைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் இன்னொன்றைச் சொல்வார். தமிழில் இரண்டுமே ‘வேலையின்மை விகிதம்’. படிக்கிறவர் யாரோ ஒருவர் பொய் சொல்வதாக முடிவு கட்டுகிறார். இருவர் சொல்வதும் அறிக்கையில் உள்ளதுதான். நம் மொழியில் அவற்றைப் பிரித்துக் காட்ட ஒரு முன்னொட்டு இல்லை, அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் ஆய்வின் வடிவமைப்பை மாற்றினார்கள். அந்த ஆண்டு மே மாதம் முதல் மாதந்தோறும் அறிக்கை வருகிறது. முதலில் வந்த ஏப்ரல் 2025 கணக்கு 5.1 சதவீதம். அது வாரக் கணக்கு. அதைப் பழைய 3.2-உடன் ஒப்பிட்டு ‘வேலையின்மை கிடுகிடு உயர்வு’ என்று ஒரு செய்தியைப் படித்த அன்றுதான் குழுமத்துக்கு எழுத உட்கார்ந்தேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

பேராசிரியர் ஐயா தந்தது ‘வழமை நிலை’, ‘நடப்பு வார நிலை’. இன்னொரு நண்பர் ‘இயல்பு நிலை’ என்றார். ‘இயல்பு நிலை’யை முதலிலேயே விட்டுவிடலாம். புயலடித்து ஓய்ந்தபின் திரும்புவது இயல்பு நிலை, அந்தப் பொருளைச் செய்தித்தாள்கள் அசைக்க முடியாதபடி ஊன்றிவிட்டன. ‘வழமை நிலை’ இலக்கணப்படி நல்ல சொல், மூலத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஐயா, மூலச் சொல்லே மோசமான சொல் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் படிப்பவருக்கும் ‘யூஷுவல்’ என்பது எதையும் விளக்குவதில்லை. அதை மொழிபெயர்த்தால் இருட்டையும் சேர்த்து மொழிபெயர்க்கிறோம்.

உண்மையில் இரண்டுக்கும் வேறுபாடு எதில்? எவ்வளவு காலத்தைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறோம் என்பதில். முதலாவதில் கணக்கெடுப்பாளர் கடந்த 365 நாளைக் கேட்கிறார். அதில் தொழிற்படையில் (வேலை செய்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்தது) பெரும்பகுதி நாள் இருந்தாரா, இருந்தால் வேலை செய்தாரா, தேடினாரா என்று பார்ப்பது முதன்மை நிலை. அப்படி வேலை இல்லாதவரும் ஆண்டில் 30 நாளாவது ஒரு துணை வேலை செய்திருந்தால் வேலையுள்ளவர் பட்டியலில் சேர்கிறார். இரண்டாவதில் கேட்பது கடந்த 7 நாள் மட்டும். அந்த ஏழில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையுள்ளவர். அறுவடைக்குப் போய்விட்டு மற்ற மாதங்களில் வேலை தேடுகிறவர் முதல் கணக்கில் மறைந்துபோகலாம், இரண்டாவதில் தென்படலாம். இரண்டு எண்ணும் வேறுபடுவதற்கு இது பெரிய காரணம்.

ஆகவே காலத்தையே பெயராக வைப்போம். ‘ஆண்டுக் கணக்கு, வாரக் கணக்கு’ என்று நானே முதலில் நினைத்தேன். மேலே ஒரு வசதிக்காக ‘வாரக் கணக்கு’ என்று எழுதியும்விட்டேன். ஆனால் ‘வாரக்கணக்கு வேலையின்மை’ என்றால் வாரக்கணக்கில் வேலையில்லாமல் இருப்பது என்று காதில் விழுகிறது. பொருள் தலைகீழாகிறது. ‘வாரம்’ என்ற சொல்லிலும் இரண்டு தொல்லை. ‘நடப்பு வாரம்’ என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரையான இந்த வாரம் என்று தோன்றும். ஆய்வு கேட்பது கணக்கெடுப்பாளர் வந்த நாளுக்கு முந்தைய ஏழு நாளை. அப்புறம், நில வேலை தெரிந்தவரிடம் ‘வாரம்’ என்றால் விளைச்சலில் நிலக்காரர் பங்கான மேல்வாரம், பயிரிடுபவர் பங்கான குடிவாரம் நினைவுக்கு வரும். குத்தகை, வாரம் என்று நிலம் வைத்திருப்பவரின் வேலையைக் கணக்கெடுக்கும் இடத்தில் அந்தச் சொல் வேண்டாமே.

‘ஏழுநாள்’ என்றே சொல்லிவிடலாம். திரும்பிப் பார்க்கும் காலத்தை ‘நோக்குக் காலம்’ என்று வைத்தால், ஓராண்டு நோக்கு, ஏழுநாள் நோக்கு என்று இரண்டும் தாமாக வருகின்றன. பழைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுகளில் அரை நாள், முழு நாள் என்று எண்ணும் மூன்றாவது முறையும் உண்டு, அதற்கு ‘ஒருநாள் நோக்கு’. இனி எழுதிப் பார்க்கிறேன்: “2023-24இல் ஓராண்டு நோக்கில் வேலையின்மை வீதம் 3.2, ஏழுநாள் நோக்கில் 4.9.” தொகுதி மடலை வாங்கும் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு இது விளக்கமில்லாமல் புரியும் என்று நம்புகிறேன். ‘தொலைநோக்கு’ மாதிரி இலட்சியம் என்ற பொருள் ஒட்டிக்கொள்ளாதா என்று யாராவது கேட்கலாம். முன்னால் காலத்தின் அளவு நிற்பதால் ஒட்டாது என்பது என் கணிப்பு.

இந்தப் பிரிவினை நம் வசதிக்காக வந்ததும் அல்ல. இந்தியாவில் வேலையின்மையை ஒற்றை எண்ணில் அடக்க முடியாது என்பது வேலையின்மைக் கணக்கீடுகளை ஆராய்ந்த தந்த்வாலா குழு 1970இல் சொன்னதன் சாரம். சொந்த நிலம், கூலி வேலை, குடும்பத் தொழில் என்று ஒரே ஆள் மாறிமாறிச் செய்யும் நாட்டில் மேலைநாட்டு அளவுகோல் அப்படியே பொருந்தாது என்று அவர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு 1972-73 முதல் தேசிய மாதிரி ஆய்வு பல நோக்கில் கேட்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தமிழ் இன்னும் ஒரே சொல்லில் நிற்கிறது.

‘வீதமா, விகிதமா’ என்று இலங்கை நண்பர் கேட்டிருந்தார். எனக்கு அவர் பக்கம்தான் சரி. அங்கே வட்டி வீதம், இங்கே வட்டி விகிதம். நாம் ‘ரேட்’, ‘ரேஷியோ’ என்ற இரண்டு வேறு கருத்துக்கும் ‘விகிதம்’ என்ற ஒன்றையே போடுகிறோம். “ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம்” என்று பேச்சில் வைத்திருக்கிற சொல்லை எழுத்தில் ஏன் விட்டோம்?

அதேபோல் ‘லேபர் போர்ஸ்’. நம் பக்கம் ‘உழைப்பாளர் படை’ என்றும் எழுதுகிறோம். அங்கே ‘தொழிற்படை’. வேலை தேடிக்கொண்டிருப்பவர் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார், ஆனால் இன்னும் உழைக்கவில்லை. வீட்டில் காலை முதல் இரவு வரை உழைக்கும் பெண் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார். உள்ளே இருப்பவருக்கும் பொருந்தாமல் வெளியே நிறுத்தப்பட்டவரையும் புண்படுத்தும் சொல் அது. தொழிற்படையையே எடுத்துக்கொள்வோம், புதிதாக ஆக்க வேண்டாம்.

இந்தச் சொல் ஊன்றாததால் நேரும் பிழை ஒன்று உண்டு. “நாட்டில் 3.2 சதவீதம் பேருக்கு வேலையில்லை” என்று எழுதுகிறார்கள். சென்ற ஆண்டு நானும் எழுதினேன். 2023-24இல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள 100 பேரில் 60.1 பேர் தொழிற்படை. அதில் 58.2 பேருக்கு வேலை. மீதி 1.9. அந்த 1.9 என்பது 60.1இல் 3.2 சதவீதம். வகுப்பது தொழிற்படையால், மக்கள்தொகையால் அல்ல. “தொழிற்படையில் 3.2 சதவீதம்” என்று எழுதினால் முடிந்தது.

களப்பணியில் இருந்த அக்கா எழுதிய மடலை நான் மூன்று முறை படித்தேன். வாசலில் நின்று “என்ன வேலை செய்யறீங்க” என்று கேட்டால் பெண்கள் “சும்மாதான் இருக்கேன்” என்பார்களாம். அப்புறம் ஆடு யாருடையது, பாலை யார் ஊற்றுகிறார்கள், கடைக்கு மாவு யார் ஆட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விவரம் வருமாம். “சும்மா”வை அப்படியே எழுதிக்கொண்டால் ஆய்வுப் படிவத்தில் குறியீடு 92, வீட்டு வேலை மட்டும். தோண்டிக் கேட்டால் 21, ஊதியமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுபவர், அதாவது வேலையுள்ளவர். பெண்களின் தொழிற்படைப் பங்கேற்பு வீதம் 2017-18இல் 23.3, 2023-24இல் 41.7. இந்த ஏற்றத்தை மன்றத்தில் ஒருவர் சாதனை என்பார், ஒருவர் சந்தேகிப்பார். அந்த விவாதத்துக்கு உள்ளே போக குறியீடு 21க்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் அவசியம்.

‘ஊதியமில்லாக் குடும்ப உழைப்பாளர்’ என்று இப்போதைக்கு எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது, உயிரும் இல்லை. எங்கள் ஊரில் “கூடமாட வேலை பார்க்கிறது” என்போம். கடையில் அப்பாவுக்குக் கூடமாட நிற்பது, களத்தில் கூடமாடப் போவது, இவற்றுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ‘கூடமாட உழைப்போர்’ என்று வைத்தால் அறிக்கையில் நிற்குமா? அக்கா, உங்கள் மாவட்டத்தில் இப்படிச் சொல்வார்களா? இலங்கை நண்பர்களும் அங்கே இதற்கு என்ன சொல் வழங்குகிறது என்று எழுதினால் உதவும்.

அடுத்த தொகுதி மடல் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. யாரும் வலுவாக மறுக்காவிட்டால் நோக்குக் காலம், ஓராண்டு நோக்கு, ஏழுநாள் நோக்கு, தொழிற்படை, வீதம் ஐந்தையும் அதில் போடுகிறேன். குறியீடு 21க்கு மட்டும் உங்கள் பதில் வரும்வரை இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்.