250 வாட் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஏத்தத்துல மூச்சு வாங்குது, பவர் ஏத்த வழி இருக்குங்களா?

குன்னூர்க்காரன்:
வணக்கம்ங்க. லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாத 250 வாட் ஸ்கூட்டர் வெச்சிருக்கேன், வீலுக்குள்ளயே இருக்கற ஹப் மோட்டார், 12 வோல்ட் 24 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) லெட் ஆசிட் பேட்டரி நாலு, மொத்தம் 48 வோல்ட். காலைல வர்க்கி டின்னு ரெண்டு பின்னாடி கட்டிட்டு டீக்கடைகளுக்குப் போடறது நம்ம பொழப்பு. மட்டமான ரோட்டுல பிரச்சனையே இல்ல, பஸ் ஸ்டாண்டுல இருந்து பெட்ஃபோர்ட் ஏர்றப்பதான் பாதியிலயே இழுத்துக்குது, நடந்து போறவங்க என்னைத் தாண்டிப் போறாங்க, வெக்கமா இருக்கு. போன வாரம் கருகுன வாடை வேற வந்துச்சு, வீல் நடுவுல கை வெக்க முடியல, ஓரங்கட்டி டின்னு மேல உக்காந்து கால் மணி நேரம் காத்திருந்தேன். மெக்கானிக் சொல்றார், இன்னொரு பேட்டரி சேத்து 60 வோல்ட் ஆக்கிட்டு மோட்டாருக்கு கரண்ட் விடற கன்ட்ரோலர்ல, கரண்ட்டை அளக்கற ஷன்ட்டுல கொஞ்சம் ஈயம் வெச்சா பறக்கும்னு. பண்ணலாமுங்களா?

வயர்மேன்:
பண்ணாதீங்க. கன்ட்ரோலரைத் தொறந்து அந்தப் பெரிய கெப்பாசிட்டர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க, 48 வோல்ட் கன்ட்ரோலர்ல பெரும்பாலும் 63 வோல்ட் வரைக்கும் தாங்கறதுதான் இருக்கும். அஞ்சு பேட்டரி ஃபுல் சார்ஜ்ல சும்மா நின்னாலே 65 காட்டும். அப்புறம் டப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான்.

இன்னொண்ணு, வோல்ட் ஏத்துனா ஸ்பீடுதான் கூடும், ஏத்தத்துக்கு வேணுங்கற இழுவை கரண்ட்டுல இருந்து வருது. உங்க வண்டி, நீங்க, டின்னு எல்லாம் சேத்து 180 கிலோன்னு வைங்க, நூறு மீட்டருக்கு பத்து மீட்டர் ஏர்ற ரோட்டுல 20 கிலோமீட்டர் வேகத்துல போகணும்னா வீல்லயே 1100 வாட் கிட்ட வேணும். அந்த வேகத்துல மோட்டார் நஷ்டத்தையும் சேத்தா பேட்டரில இருந்து 30 ஆம்பியருக்கு மேல உருவணும், 24 ஏஹெச் லெட் ஆசிட் அந்த இழுப்புல தன்னோட கொள்ளளவுல பாதி சொச்சம்தான் குடுக்கும், வோல்ட்டும் பொத்துனு விழும். ஷன்ட்டுல ஈயம் வெக்கறதுங்கறது கன்ட்ரோலரை ஏமாத்தறது, 15 ஆம்பியர் போகுதுன்னு அது நெனச்சிட்டிருக்கும், போறது 25. கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. உங்களுக்கு வந்த வாடை காயில் மேல இருக்கற எனாமல், அதுவே வார்னிங்.

ஏற்காடு ரைடர்:
வயர்மேன் அண்ணா சொல்றது கரெக்ட், ஆனா முடியவே முடியாதுன்னு இல்ல, நான் பண்ணேன், பட்டேன். 1000 வாட் ஹப் மோட்டார், 40 ஆம்பியர் கன்ட்ரோலர், லித்தியம் பேட்டரி எல்லாம் போட்டு சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுனேன். மொத்தம் 20 கொண்டை ஊசி, மூணாவதுலயே வண்டி ஆஃப். பாத்தா பேட்டரிக்குள்ள இருக்கற பிஎம்எஸ்ங்கற பாதுகாப்பு போர்டு 30 ஆம்பியர்தான் தாங்கும், அதுவா கட் பண்ணிக்குது. சரின்னு அதை மாத்துனா அடுத்த கூத்து, ஆக்சில் நட்டு நழுவி ஆக்சில் தானா சுத்தி மோட்டார் வயரை முறுக்கி அத்துருச்சு. டார்க் ஆர்ம்னு ஒரு இரும்புப் பட்டை இருக்கு ப்ரோ, ஆக்சிலை ஃபோர்க்கோட புடிச்சு வெக்கறது, அதை மறந்துட்டேன். இப்ப ஏறுது, நல்லாவே ஏறுது, ஆனா போட்ட காசுக்கு பழைய பெட்ரோல் வண்டியே வாங்கியிருக்கலாம்னு வீட்ல தினமும் அர்ச்சனை.

பழைய இரும்பு:
தம்பி, இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லல. 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் ஸ்பீடுக்குள்ள, பேட்டரி இல்லாம 60 கிலோவுக்குள்ள இருக்கறதாலதான் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்னு விட்டிருக்காங்க. 1000 வாட் மோட்டாரைப் போட்ட நிமிஷமே அது ரெஜிஸ்டர் பண்ண வேண்டிய மோட்டார் வண்டி, ஆனா ரெஜிஸ்டர் பண்ண முடியாத வண்டி. எவன் மேலயாவது இடிச்சா முழுக்க உங்க தலையில.

வித்துட்டு நம்பர் உள்ள செகண்ட் ஹேண்ட் வண்டி பாருங்க. அப்ப டார்க் (சுத்தற இழுவை) நம்பரைப் பாத்து ஏமாந்துராதீங்க, ஏத்தர் 450எக்ஸ்ல 26 என்எம்னும் (நியூட்டன் மீட்டர்) டிவிஎஸ் ஐக்யூப்ல 140 என்எம்னும் போட்டிருக்கும், முன்னது மோட்டார்ல அளந்தது, வேகத்தைக் கொறச்சு இழுவையைக் கூட்டற பெல்ட்டு ரிடக்‌ஷன் வழியா வீலுக்குப் போறப்ப பல மடங்காகும், பின்னது ஹப் மோட்டார், வீல்லயே அளந்தது. டின்னோட ஒருதடவை ஏத்திப் பாத்துட்டு காசு குடுங்க.

குன்னூர்க்காரன்:
ரொம்ப தேங்க்ஸுங்க எல்லாருக்கும். இப்பதான் கன்ட்ரோலரைத் தொறந்தேன், 63னுதான் இருக்கு, அதுலயும் ஒரு கெப்பாசிட்டர் தலை லேசா உப்பிக் கெடக்கு. மெக்கானிக்குக்கு போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. இப்போதைக்கு ட்ரிப்புக்கு ஒரு டின்னுதான், ரெண்டு தடவையா போய்க்கறேன். லெட் ஆசிட்டை எடுத்துட்டு லித்தியம் மட்டும் போட்டா வெயிட்டாவது கொறையுமுங்களா?

வயர்மேன்:
கொறையும், 15 கிலோ கிட்ட. சார்ஜரும் மாத்தணும், பழசைப் போட்றாதீங்க. மொதல்ல அந்த உப்புன கெப்பாசிட்டரை மாத்துங்க.