நானோ துகள் கட்டியைத் தானாகவே தேடிப் போகுமா?

தங்கை கேட்கிறேன்:
என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது. போன வாரம் லைப்போசோமல் டாக்சோரூபிசின் ஏற்றினார்கள். சிவப்பாக, லேசாகக் கலங்கிய மருந்து. அது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து போனில் படித்தேன். நானோ துகள் என்று கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய துகள் கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம், ஸ்கேனில் அதைக் காட்டிக்கொடுக்குமாம், மருந்தையும் அங்கேயே இறக்கிவிடுமாம். அப்படி ஒன்று இருக்கும்போது அக்காவுக்கு ஏன் கீமோ? நாங்கள்தான் டாக்டரிடம் சரியாகக் கேட்கவில்லையோ என்று உறுத்துகிறது.

மருந்தாளுநர்:
அக்காவுக்கு ஏறியதே நானோ மருந்துதான், அம்மா. லைப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்பு உறைக்குள் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை அடைத்த இந்த வகைக்கு அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. உறைக்குள் இருப்பதால் இதயத்துக்கு வரும் பாதிப்பு குறைகிறது. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியலாம். எரிந்தால் அடுத்த டோஸ் வரை பொறுத்துக்கொள்ளாமல் உடனே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஆய்வக மாணவன்:
எலிகளில் இரும்பு ஆக்சைடு துகள்களைச் செலுத்திப் படம் எடுப்பதுதான் என் வேலை. அந்தத் துகள் சேரும் இடம் எம்.ஆர்.ஐ.யில் கறுக்கும். புற்று செல்லைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறை ஒட்டி அனுப்பிவிட்டு, கட்டி கறுக்கும் என்று முதல் தடவை காத்திருந்தேன். கறுத்தது கல்லீரல்தான்! கட்டியில் லேசான நிழல்.

துகளுக்குக் கண் கிடையாது. ரத்தம் போகும் வழியில்தான் அதுவும் போகும். கட்டிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் ஒழுகும், அந்த வழியாக உள்ளே கசியும். ஒட்டிய மூலக்கூறுக்கு வேலை வருவது செல்லின் பக்கத்தில் போன பிறகுதான். அதற்குள் கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பத்து ஆண்டு விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கணக்குப் பார்த்தார்கள். செலுத்தியதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடு மதிப்பாக, 0.7 சதவீதம்.

மிகச் சிறிய துகள் என்றால் சிறுநீரிலேயே வெளியேறிவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான, 6-7 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகளில் கதிரியக்க அயோடின்-124 சேர்த்து மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேருக்குக் கொடுத்து, கதிரியக்கப் பொருள் சேரும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். முடிவு 2014-இல் வந்தது. பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறியிருந்தது. அது படம் எடுக்க மட்டும், சிகிச்சைக்கு அல்ல.

தங்கை கேட்கிறேன்:
அப்போ படம் பார்ப்பதால் என்ன பயன்? மருந்துதானே குணமாக்க வேண்டும்?

ஆய்வக மாணவன்:
என்னைக் கேட்டால் படம்தான் முதலில் வேண்டும். மருந்து போகாத இடத்தில் அது என்ன செய்யும்? ஹெர்-2 என்ற புரதம் செல்களில் அதிகமாக உள்ள மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு லைப்போசோம் மருந்தைச் சோதித்தபோது, அதிலேயே காப்பர்-64 என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து பெட் ஸ்கேன் எடுத்தார்கள். ஒருவர் கட்டியில் நன்றாகச் சேர்ந்திருந்தது, இன்னொருவருக்குக் கொஞ்சம்தான். ஒரே ஆளின் உடம்பிலேயே ஒரு கட்டிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். அந்த மருந்தின் பெரிய சோதனை பிறகு பலன் இல்லாமல் நிறுத்தப்பட்டது. யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று முன்னாலேயே படம் பார்த்து ஆட்களைத் தேர்ந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எதையும் கேட்காமல் விட்டுவிடவில்லை. டாக்டரிடம் இரண்டைக் கேளுங்கள்: அக்காவின் கட்டிக்கு ஹெர்-2 பரிசோதனை முடிவு என்ன, இந்த மருந்து வேலை செய்கிறதா என்று அடுத்த ஸ்கேன் எப்போது.

தங்கை கேட்கிறேன்:
எழுதி வைத்துக்கொண்டேன். அக்காவிடமும் படித்துக் காட்டினேன். உள்ளங்கை நேற்றிலிருந்தே எரிகிறதாம், இப்போதுதான் வாயைத் திறந்தாள். டாக்டருக்குப் போன் போடுகிறேன்.