கண்ணில் புது ரத்தக்குழாய் வளர்ந்தால் நல்லதுதானே?

பாம்பன்காரர்:
அப்பா விசைப்படகுத் தொழிலாளி, பல வருடச் சர்க்கரை. பார்வை நன்றாகத்தான் இருந்தது. திடீரென ஒருநாள் வலக்கண்ணில் கறுப்பு நூல் நூலாக மிதக்கிறது என்றார். மதுரையில் பார்த்த டாக்டர், விழித்திரையில் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்திருக்கிறது என்றார். "புதுசா வளர்ந்தா நல்லதுதானே சார்?" என்று அப்பா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

டாக்டர் சொன்னதும் பிறகு நான் படித்ததும் இது. சர்க்கரை நோய் நுண்ணிய குழாய்களை அடைத்துவிடும். விழித்திரைக்கோ ஆக்சிஜன் நிறைய வேண்டும். செல்லுக்குள் எச்.ஐ.எஃப் என்ற புரதம் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை உடனுக்குடன் அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அழியாமல் தங்கி, வி.இ.ஜி.எஃப் என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கும். (செல் ஆக்சிஜனை அறியும் இந்த வழியைக் கண்டவர்களுக்குத்தான் 2019 மருத்துவ நோபல்.) அந்த வி.இ.ஜி.எஃப்தான் பக்கத்துக் குழாய்களைக் கிளைவிடச் செய்கிறது. ஆனால் அவசரத்தில் முளைத்தவை பலமற்றவை. பட்டினி கிடக்கும் இடத்துக்குப் போகாமல் விழித்திரையின் மேற்பரப்பில் படரும், கசியும், தழும்பாகி விழித்திரையையே இழுத்துப் பிரித்தும் விடும்.

கண்ணில் போடும் ஊசி வி.இ.ஜி.எஃப்பை முடக்கும், சில வாரங்களில் அதன் வேலை தீர்ந்துவிடும், ஆக்சிஜன் பற்றாக்குறை அப்படியே இருக்கும். லேசர், விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு ஆக்சிஜன் தேவையையே குறைக்கிறது. பக்கப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் போகலாம். ராத்திரிக் கடலுக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமா? ஆனாலும் மாதாமாதம் மதுரை வர முடியாதவர் ஊசியை மட்டும் நம்பி நடுவில் விட்டால் ஆபத்து என்று டாக்டர் லேசரையே சொன்னார். நல்லவேளை, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகு கரையில் நின்றது. இல்லாவிட்டால் அப்பா வந்திருக்க மாட்டார்.

கீழக்கரைக்காரர்:
தங்கச்சி பிள்ளை குறைமாதம். அங்கே கதை இன்னும் விசித்திரம். கருப்பையில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவுதான் விழித்திரைக் குழாய்களை ஓரம்வரை மெல்ல வளர வைக்கும். சீக்கிரம் பிறந்து ஆக்சிஜன் அதிகமாகக் கிடைத்தால் வி.இ.ஜி.எஃப் விழுந்து, வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். சில வாரம் கழித்து விழித்திரை வளர்ந்து ஆக்சிஜன் போதாமல் போகும்போது, குழாய்கள் கட்டுமீறி முளைக்கும். அதனால்தான் ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறார்கள், பிறந்து 30 நாளுக்குள் கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். வாப்பா "பச்சப்புள்ளைக்குக் கண் டாக்டரா?" என்று சத்தம் போட்டார். போனோம், லேசான அளவுதான், தானாகவே அடங்கியது.

தொண்டிக்காரர்:
சரி, சர்க்கரையைக் குறைத்துவிட்டால் முளைத்த குழாய் காய்ந்துவிடுமா பாம்பன் அண்ணே?

பாம்பன்காரர்:
இல்லை தம்பி. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் நோய் மெதுவாகும், அவ்வளவுதான். முளைத்ததற்கு லேசரோ ஊசியோதான். பார்வை தெளிவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.