டர்போசார்ஜருக்கு ஒரு சொல்: வெள்ளிக்கிழமைக்குள் தேவை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான தானுந்துப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டர்போ இல்லாமல் ஆலையிலிருந்து வெளிவந்த பெட்ரோல் காரின் திறனைக் கூட்ட விரும்பும் ஒருவர், அதற்கு டர்போசார்ஜர் (எந்திரம் வெளியேற்றும் புகையின் விசையால் ஓடி, எந்திரத்துக்குள் காற்றை அமுக்கி ஊட்டும் கருவி) பொருத்துவதா, அல்லது காற்றுவழியையும் புகைவழியையும் சீராக்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றி, எந்திரக் கணினியின் நிரலைத் திருத்தி உள்ளதையே மேம்படுத்துவதா என்று ஆராயும் பாடம் அது. இரு வகை எந்திரங்களுக்கும் பெயர் இல்லாமல் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. டர்போ இல்லாததைக் குறிக்கும் 'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' என்பதைத் 'தன்னிழுப்பு எந்திரம்' என்றும், டர்போசார்ஜரைச் 'சுழலூட்டி' என்றும் இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பாடத்தை ஒப்படைக்க வேண்டும். வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதற்குள் தங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, 'இழுப்பு' என்றால் ஊரில் ஈளையும் வலிப்பும்தான் நினைவுக்கு வரும். அந்த எந்திரத்தை மாணவன் மருத்துவமனைக்கு அனுப்பப் பார்ப்பான். 'ஊட்டி' என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். 'உண்' என்னும் தன்வினைக்குப் பிறவினை 'ஊட்டு'. தானே உண்பது ஒன்று, பிறர் உண்பிக்க உண்பது மற்றொன்று. இலக்கணம் இந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக வகுத்துவைத்திருக்கும்போது நாம் வெளியே தேடி அலைவானேன்? டர்போ இல்லாததைத் 'தன்வினை எந்திரம்' என்றும் உள்ளதைப் 'பிறவினை எந்திரம்' என்றும் வழங்கலாம்.

முன்னொட்டைப் பற்றியும் ஒரு சொல். 'டர்போ' லத்தீனில் பம்பரத்தையும் சுழற்காற்றையும் குறித்தது. அதிலிருந்துதான் 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் புர்தேன் 'டர்பைன்' என்ற பெயரை ஆக்கினார். சுழல், சுற்று, சுரி, சூறை ஆகியவை வளைதற்பொருள் கொண்ட ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. சூறைக்காற்றுக்கே உரிய வேகமும் சேர்ந்து வருவதால் 'சூறையூட்டி' என்பதே சிறக்கும்.

கோவைப் பணிமனை அன்பர் எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். 'தன்வினை தன்னைச் சுடும்' என்று கேட்டு வளர்ந்த ஊரில், தன்வினை எந்திரம் என்று பெயரிட்ட காரை யாரும் வாங்க மாட்டார்கள். 'சூறை' என்றால் எங்கள் பக்கம் கடையை உடைத்து அள்ளிக்கொண்டு போவது.

பணிமனையில் வேலை கற்கும் பையன் முதல் காரோடு வரும் உரிமையாளர் வரை எல்லாரும் 'டர்போ' என்றுதான் சொல்கிறார்கள், இல்லாததற்கு 'என்.ஏ.' என்கிறார்கள். காரின் பின்கதவிலேயே அந்தச் சொல் பொறித்திருக்கும்போது பாடநூலில் மட்டும் வேறு பெயர் எதற்கு? பேசும் சொல்லும் படிக்கும் சொல்லும் இரண்டானால், மாணவன் தேர்வுக்கு ஒன்றையும் பிழைப்புக்கு ஒன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதாகிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 'பொருத்துதல்' என்ற வினை. டர்போ பொருத்துவது என்று எழுதினால், விளக்கு மாட்டுவதுபோல ஒரு பொருளை வாங்கித் திருகிவிடலாம் என்று படிப்பவர் நினைப்பார். உண்மையில் உருளைகளின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு மாற வேண்டும், டர்போவின் அச்சுக்கு எண்ணெய்க் குழாய் போக வேண்டும், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேண்டும், எரிபொருள் தெளிப்பான்கள் பெரிதாக வேண்டும், கணினி நிரலை முழுதாகத் திருத்தியாக வேண்டும், கூடிய முறுக்குவிசையைக் கிளட்ச் தாங்க வேண்டும். டர்போ இல்லாத இன்றைய பெட்ரோல் எந்திரங்களில் அமுக்க விகிதம், அதாவது உருளைக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, 10, 11 என்ற அளவில் இருக்கும்; அதன்மேல் அழுத்தக் காற்றைத் திணித்தால் கலவை தானாகவே வெடித்துத் தட்டத் தொடங்கும், பிஸ்டன் உடையும். அழுத்தத்தை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது பிஸ்டனையே மாற்றி விகிதத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே 'டர்போவுக்கு மாற்றியமைத்தல்' என்று பாடத்தில் எழுதுங்கள். அந்த ஒரு சொல் பல இளைஞர்களின் பணத்தைக் காப்பாற்றும்.

இயற்பியல் விரிவுரையாளர் எழுதியது:

எந்திரம் காற்றை இழுக்கிறது என்பதே சரியில்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது உருளைக்குள் அழுத்தம் குறைகிறது, வெளியிலுள்ள வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம்தான் அதற்குக் கிடைக்கும் ஒரே உதவி. உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் அவ்வழுத்தம் ஏறத்தாழக் கால் பங்கு குறைவதால், டர்போ இல்லாத கார் மலையேறும்போது சோர்ந்துபோகிறது. 'இயல்வளி எந்திரம்' என்றால் இந்தச் செய்தி பெயரிலேயே அடங்கும். டர்போவோ 0.5 பார் மிகுதியாக ஏற்றினால், காற்றின் வெப்பம் கூடவில்லை என்று கொண்டால், உருளைக்குள் ஒன்றரை மடங்குக் காற்று போகும். ஆனால் அமுக்கப்பட்ட காற்று சூடாகி விரிவதால் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கரைகிறது. இன்டர்கூலர் வேண்டியிருப்பது அதனால்தான்.

புலவர் ஐயாவின் பிறவினையையும் ஏற்க இயலவில்லை. 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூகி காப்புரிமை பெற்ற கருத்தே, எந்திரம் வெளியேற்றும் புகையின் ஆற்றலால் ஒரு சுழலியை ஓட்டி, அதே அச்சிலுள்ள அமுக்கியால் அந்த எந்திரத்துக்கே காற்றை ஊட்டுவதுதான். ஊட்டுவதும் உண்பதும் ஒரே எந்திரம் என்றால் இங்கே பிறர் யார்? புகையின் வெப்பமும் எதிரழுத்தமும் எந்திரத்துக்கே திரும்பி வருவதால், பணிமனை அன்பரின் பழமொழி டர்போ உள்ள காருக்குத்தான் பொருந்தும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தன் கையால் தானே ஊட்டிக்கொள்வதைத் தன்வினை என்பதா பிறவினை என்பதா என்று நேற்றிரவு நெடுநேரம் எண்ணிப்பார்த்தேன். விரிவுரையாளர் கேட்டது நல்ல வினா. பெயரிலிருந்து தன்வினை, பிறவினை இரண்டையும் விலக்கிக்கொள்கிறேன். பணிமனைத் தம்பிக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூல் விதித்ததைக் காட்டி எல்லாப் பிறமொழிச் சொற்களுக்கும் கதவு திறந்துவிடுகிறோம். புகுவது தமிழாகவும் இருக்கலாம் என்பதை ஏன் மறக்க வேண்டும்? பேருந்து என்ற சொல்லையும் ஒருநாள் யாரோ முதன்முதலாக எழுதித்தான் இருப்பார்.

பாசனத்துறையில் பணியாற்றிய பொறியாளர் எழுதியது:

மூலச் சொல்லில் என் கருத்து எதுவும் இல்லை. பாடத்தின் வரைவில் 'வேஸ்ட்கேட்' என்பதற்குக் 'கழிமதகு' என்றிருப்பதை மட்டும் திருத்த வேண்டும். மதகு, பயிருக்கு வேண்டிய நீரை ஏரியிலிருந்து நாமே திறந்துவிடும் வாய். நீர்மட்டம் அளவு மீறினால் மிகுதியைத் தானாக வெளியேற்றி, கரை உடையாமல் காப்பது கலிங்கு. டர்போவில் அழுத்தம் வரம்பைத் தொட்டவுடன் புகையின் ஒரு பகுதியைச் சுழலிக்குள் விடாமல் பக்கவழியே கழிக்கும் அடைப்பிதழ் கலிங்கின் வேலையைத்தான் செய்கிறது. 'புகைக்கலிங்கு' என்று எழுதுங்கள்.

கோவைப் பணிமனை அன்பர் எழுதியது:

கலிங்கு என்ற சொல்லை இன்றே பையன்களிடம் சொன்னேன். ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். நான் தனித்தமிழுக்கு எதிரி இல்லை என்பதற்கு இதுவே சான்று. டர்போவில் கால் வைத்தவுடன் இழுவை வராமல் சற்றுப் பிந்துவதை 'லேக்' என்கிறோம். அதைச் 'சுணக்கம்' என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது. ஆனால் டர்போ டர்போவாகவே இருக்கட்டும்.

பாடத்தின் முடிவைக் குறித்தும் சொல்கிறேன். நிரலையும் புகைவழியையும் திருத்துவதால் இயல்வளி எந்திரத்தில் கிடைப்பது சிறிதளவே என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால், ஆலையிலேயே டர்போவோடு வந்த காரை வாங்குவதுதான் பெரும்பாலோருக்குச் சிக்கனம். இருக்கிற காரையே வைத்துக்கொள்ள நினைப்பவர் டயருக்கும் பிரேக்குக்கும் முதலில் செலவிடட்டும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன், இனியும் காத்திருக்க வழியில்லை. 'இயல்வளி எந்திரம்', 'சுழலூட்டி', 'சுணக்கம்', 'புகைக்கலிங்கு' ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். சுழலூட்டி முதலில் வருமிடத்தில் 'டர்போ என்று வழங்கும் சுழலூட்டி' என எழுதுகிறேன். புகையால் அல்லாமல் எந்திரத்தின் வார்ப்பட்டையால் ஓடிக் காற்றை அமுக்கும் சூப்பர்சார்ஜருக்கு 'மிகையூட்டி' என்று வைத்திருக்கிறேன். பணிமனை அன்பர் சொன்னபடி 'பொருத்துதல்' எல்லா இடங்களிலும் 'மாற்றியமைத்தல்' ஆகிவிட்டது.

இயற்பியல் விரிவுரையாளர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மிகையூட்டிகளில் மையவிலக்கு வகையும் ஒன்று. அதிலும் காற்றை அமுக்குவது சுழலும் சக்கரம்தான், அதை ஓட்டுவது மட்டும் எந்திரத்தோடு இணைந்த வார்ப்பட்டை. அதைச் சுழலூட்டி என்று மாணவன் எழுதினால் எந்த நியாயத்தில் மதிப்பெண் குறைப்பீர்கள்? இரண்டையும் பிரிப்பது சுழற்சி அன்று, ஓட்டும் விசை எங்கிருந்து வருகிறது என்பது. 'புகையூட்டி' என்றால் எந்திரத்துக்குப் புகையை ஊட்டுவதாகிவிடும் என்பதால் அதை நான் முன்மொழியவில்லை. 'புகைவிசையூட்டி' என்பதை அடுத்த பதிப்புக்கேனும் எண்ணிப்பாருங்கள்.