கலைச்சொல்: ‘டெனன்ட்’ என்பதற்குக் ‘குடித்தனம்’ (பயனர் அடைவு அமைப்புத் திரைக்காக)

நண்பர்களுக்கு வணக்கம்.

பயனர் அடைவு (பயனர்களின் விவரங்களை வைத்திருக்கும் பட்டியல்) அமைப்புத் திரையின் தமிழாக்கத்தில் ‘டெனன்ட்’ என்பதற்கான சொல் இன்னும் முடிவாகவில்லை. ஒரே மென்பொருளைப் பலர் பகிரும்போது, தன் பயனர்களையும் தரவையும் தனியாக வைத்திருக்கும் ஒவ்வொரு தரப்பும் ஒரு டெனன்ட். வாடகையாளர், வாடிக்கையாளர், நிறுவனம் என்று மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றுமே இந்தத் திரைக்குச் சரிவராது என்பது என் கருத்து.

வாடகையாளர் என்றால் ஓர் ஆள். இங்கே நாம் குறிக்க வேண்டியது பல ஆட்கள் அடங்கிய ஒரு தனி வளாகத்தை. வாடிக்கையாளர் என்ற சொல்லை விற்பனைப் பகுதி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. நிறுவனம் ஓரளவு பொருந்தும். ஆனால் வணிக மென்பொருளில் ஒரே டெனன்டுக்குள் தாய் நிறுவனம், துணை நிறுவனம் என்று தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள் இருக்கும். ‘நிறுவனத்தைத் தேர்ந்தெடு’ என்று திரையில் வந்தால் நிர்வாகி எதைத் தேர்ந்தெடுப்பார்?

குடித்தனம் என்று வைக்கலாம். ‘அந்த வீட்டில் நாலு குடித்தனம்’ என்று சொன்னால் ஒரே கூரை, தனித்தனிக் கதவு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சில பேர் என்பது தமிழ் பேசும் யாருக்கும் உடனே புரியும். ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லே இருக்கிறது. ஆனால் அதில் இட நெருக்கடியின் சாயல் இருப்பதால் ‘பலகுடித்தன மென்பொருள்’ என்பதே நல்லது. குடும்பம் நடத்துவதைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று கேட்கலாம். குடித்தன அமைப்புகள், குடித்தன நிர்வாகி என்று திரையில் தொடர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் நிற்காது.

அடைவு வழியாக அடையாளம் சரிபார்க்கும் இடத்தில்தான் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமாகிறது. எல்டாப் (அடைவோடு பேசுவதற்கான நெறிமுறை) சேவையகம், தேடல் தொடங்கும் கிளை, தேடல் வடிகட்டி ஆகிய மூன்றும் குடித்தனத்துக்குக் குடித்தனம் மாறும். ஒன்று ஆக்டிவ் டைரக்டரி என்ற அடைவு மென்பொருளை வைத்திருக்கும், இன்னொன்று ஓப்பன்எல்டாப் என்பதை. இரண்டிலும் ‘குமார்’ என்ற பயனர்பெயர் இருக்கலாம். அதனால் உள்நுழைபவர் எந்தக் குடித்தனம் என்பதை, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முன்பே, இணைய முகவரியின் முற்பகுதியைக் கொண்டோ வேறு வழியிலோ மென்பொருள் தீர்மானித்தாக வேண்டும். எல்லா அடைவுகளிலும் வரிசையாகத் தேடி, முதலில் கிடைக்கும் குமாரை உள்ளே விட்டால் ஒருவர் தரவு இன்னொருவர் கையில் போய்விடும். ‘வாடகையாளரின் அடைவு’ என்று எழுதினால் இது ஒருவருடைய சொந்த அமைப்பு போலத் தோன்றும். ‘குடித்தனத்தின் அடைவு’ என்றால் வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது சொல்லிலேயே தெரியும்.

அடுத்து ‘பைண்ட்’, அதாவது பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து அடைவுக்குள் நுழையக் கேட்பது. இதைப் ‘பிணைப்பு’ என்று எழுதியிருப்பதை மாற்றியே ஆக வேண்டும். மென்பொருள் முதலில் ஒரு தேடல் கணக்கால் அடைவுக்குள் போய், பயனரின் பதிவைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அந்தப் பதிவின் அடைவு முகவரியையும் (அடைவில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் முழுப்பெயர்) பயனர் தட்டிய கடவுச்சொல்லையும் கொடுத்து மறுபடி பைண்ட் கேட்கிறது. முதல் பைண்ட் மென்பொருளுக்காக, இரண்டாவது பயனருக்காக. சோதனைப் பொத்தானை அழுத்தியதும் ‘பிணைப்பு வெற்றி’ என்று வந்தால் இதில் எது வெற்றி?

இதில் ஆபத்தும் இருக்கிறது. பெயரைக் கொடுத்து, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டு பைண்ட் கேட்டால் சில சேவையகங்கள் ‘சரி’ என்றே பதில் சொல்லும். ஆனால் அங்கே யாருடைய அடையாளமும் சரிபார்க்கப்படவில்லை. எல்டாப் பாதுகாப்பு பற்றி 2006-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 4513 இதைத் தெளிவாக எச்சரிக்கிறது. வெற்றுக் கடவுச்சொல்லை மென்பொருளே தடுத்துவிட வேண்டும். ‘பிணைப்பு வெற்றி’ என்ற வாசகம் இப்படிப்பட்ட ஓட்டையை மூடி மறைத்துவிடும்.

ஆகவே திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு ‘தேடல் கணக்கின் அடைவு முகவரி’, ‘தேடல் கணக்கின் கடவுச்சொல்’ என்று பெயர் வைப்போம். சோதனைச் செய்தியையும் இரண்டாகப் பிரிப்போம்: ‘தேடல் கணக்கு அடைவில் நுழைந்தது’, ‘பயனரின் அடையாளம் சரிபார்க்கப்பட்டது’. நெறிமுறையை விளக்கும் ஆவணத்தில் பைண்ட் பைண்டாகவே இருக்கட்டும்.

முகவரி என்ற சொல் இன்னொரு வகையிலும் உதவும். அடைவில் ஒருவரை வேறு துறைக்கு நகர்த்தினால் அவருடைய அடைவு முகவரி மாறிவிடும். அதை அவருடைய நிரந்தர அடையாளமாகச் சேமிக்கக் கூடாது; அடைவு தரும் மாறாத அடையாள எண்ணைக் குடித்தனத்தோடு சேர்த்துச் சேமிப்பதே சரி. முகவரி மாறும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

‘அங்கீகாரம்’ பற்றியும் சுருக்கமாக. ஆள் யார் என்று பார்ப்பதற்கும், அவர் என்னென்ன செய்யலாம் என்பதற்கும் அதே சொல் பயன்பட்டிருக்கிறது. முன்னதை அடையாளச் சரிபார்ப்பு என்றும் பின்னதை அனுமதி என்றும் பிரித்துவிட்டால் போதும்.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், குறிப்பாகக் குடித்தனம் பற்றி. இல்லையென்றால் அமைப்புத் திரையின் சரங்களில் (திரையில் தோன்றும் வாசகங்களில்) இவற்றை மாற்றத் தொடங்குகிறேன். அப்புறம், ஒரே குடித்தனத்துக்கு இரண்டு அடைவுகள் இருக்கும்போது முதலில் தேடப்படுவதை ‘முதன்மை அடைவு’ என்பதா, ‘முதல் அடைவு’ என்பதா? வரிசையை மட்டும் சொல்லும் ‘முதல் அடைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது.