ஓய்வுப்பற்று, மிகைப்பற்று: நிறுத்தி வைத்த காரின் பேட்டரி இறங்குவதற்கு ஒரு சொல்

வணக்கம்.

நிறுத்தி வைத்த காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் போவதைத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழை முழுவதையும் படித்தேன். ‘ஒட்டுண்ணி மின்னிழப்பு’, ‘மின்கசிவு’, ‘கள்ள மின்னோட்டம்’ என மூன்று சொற்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு ஒரே மனக்குறைதான். நிற்கிற வண்டியில் பேட்டரியிலிருந்து மின்சாரம் போனாலே ஏதோ குற்றம் நடக்கிறது என்ற தொனி மூன்றிலும் இருக்கிறது.

சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகும் இன்றைய கார் முழுக்க அணைவதில்லை. கடிகாரம் ஓட வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும். திருட்டு அலாரம் விழித்திருக்க வேண்டும். எஞ்சின் கணினியின் நினைவு அழியக் கூடாது. இத்தனைக்கும் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது பெரும்பாலான கார்களுக்கு இயல்பு. வண்டியைச் செய்தவர்களே கணக்குப் போட்டு விட்டுவைத்த செலவு அது. இதை ஒட்டுண்ணி என்றால் கடிகாரம் கோபித்துக்கொள்ளும்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இந்தத் தெளிவு இல்லாமல் படும் பாடு கொஞ்சமில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எங்கே பார்த்தாலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள். அதில் சில வீட்டு ஷெட்டில் ஒரு கார். சென்னையிலிருந்து தீபாவளிக்கு வந்தவர்கள் நிறுத்திவிட்டுப் போவார்கள், ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பிள்ளையார் நோன்புக்கு வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். கணக்கு எளிது. 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி, ஏறக்குறைய 24 நாளில் காலி. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் கோளாறைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று நிற்பார்கள்.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அப்படியொரு வீட்டு ஆச்சியிடம், “வண்டியில ஒண்ணும் இல்ல ஆச்சி, நிப்பாட்டி வச்சா எறங்கத்தான் செய்யும்” என்றார். ஆச்சி விடவில்லை: “அப்பச்சி அம்பாசிடர் மாசக்கணக்கா நின்னு கெளம்பலையா?” கிளம்பியிருக்கும். அந்த வண்டியில் கணினியும் இல்லை, ரிமோட்டும் இல்லை. பேட்டரி தானாக இறங்கியது மட்டும்தான் இழப்பு. ஆச்சிக்குப் புரிகிற மாதிரி இந்த வித்தியாசத்தைச் சொல்ல அவரிடம் ஒரு சொல் இல்லை. நாம் ஆக்க வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.

ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்: இயல்பான செலவுக்கு ஒன்று, அதை மீறிய செலவுக்கு ஒன்று.

பட்டறையில் எல்லோரும் சொல்வது “கரண்ட் எங்கயோ இழுக்குது” என்பதுதான். அதிலிருந்து ‘இழுப்பு’ என்று எடுக்க ஆசை வந்தது. ஆனால் இழுப்பு என்றதும் மூச்சிரைப்புதான் நினைவுக்கு வரும். ‘இழுவை’யை இயற்பியல்காரர்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘மின்கசிவு’ என்றால் செய்தித்தாளில் கடை எரிந்திருக்க வேண்டும். ‘கள்ள மின்னோட்டம்’ கம்பத்தில் கொக்கி போடுகிறவரை ஞாபகப்படுத்துகிறது.

என் முன்மொழிவு ‘பற்று’. பற்றும் வரவும் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாத சொற்கள். பள்ளிக் கணக்குப் பதிவியலிலும் இவைதான். பேட்டரி ஒரு கணக்கு. ஓடும்போது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வரவு வைக்கிறது, நிற்கும்போது எல்லாம் பற்று. இயல்பாக எடுப்பது ஓய்வுப்பற்று, அளவை மீறினால் மிகைப்பற்று. வங்கியில் சொல்லும் மேல்வரைப்பற்றோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். சூழல் வேறு, குழம்பாது.

பேட்டரிக்குள்ளேயே வேதிவினையால் சத்து குறைவது இதில் சேராது. அதற்குத் தன்னிறக்கம் என்ற சொல் இருக்கட்டும். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற காரைக்குடியில் இருந்துகொண்டு உள்ளே நடக்கும் வேதியியலையும் வெளியே கம்பியில் போகிற மின்சாரத்தையும் ஒரே சொல்லில் கட்டினால் நன்றாக இருக்காது.

சொல் வேலைக்கு ஆகிறதா என்று ஒரு நிஜ வண்டியில் வைத்துப் பார்ப்போம். தேவகோட்டைக் கார் ஒன்று, மூன்று நாள் நின்றாலே படுத்துவிடும். அந்த எலக்ட்ரீஷியன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து முனைக்கும் கழற்றிய கம்பிக்கும் இடையில் இணைத்தார். பானட்டும் கதவும் திறந்திருந்ததால் அவற்றின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கிவிட்டார், வண்டி தன்னைப் பூட்டியதாக நினைத்துக்கொள்ள. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கணினிகள் உறங்க அரை மணி நேரம் பிடிக்கும், சில வண்டிகளில் அதற்கும் மேல். அவசரப்பட்டு முதலில் தெரிகிற எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள்தான் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுகிறார்கள். இந்த நிலையில் யாராவது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும் என்பதால் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகும் மீட்டரில் 0.42 ஆம்பியர். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி போகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஸ்டீரியோவின் ஃபியூஸை எடுத்ததும் 0.03. வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ அது. மஞ்சள் கம்பி நினைவுக்காக எப்போதும் மின்சாரம் பெற வேண்டியது, சிவப்பு சாவி போட்டால் மட்டும் பெற வேண்டியது. பொருத்தியவர் இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கி டேப் சுற்றியிருந்தார். திரை அணைந்திருந்தாலும் பெட்டி தூங்கவே இல்லை. சிவப்பைப் பிரித்து உரிய இடத்தில் கொடுத்ததோடு வேலை முடிந்தது.

இதை நம் சொல்லில் எழுதினால்: ஓய்வுப்பற்று 30 மில்லி ஆம்பியர், மிகைப்பற்று 390. பில்லிலும் எழுதலாம், ஆச்சியிடமும் சொல்லலாம். ‘ஒட்டுண்ணி மின்னிழப்பு 420’ என்றால் அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு கோளாறு என்று யார் பிரிப்பது?

உறங்கிய கணினி ஃபியூஸைப் பிடுங்கிச் செருகும்போது மறுபடி விழித்துக்கொள்ளும் என்று இழையில் ஒருவர் எழுதியது சரி. புது வண்டிகளில் பிடுங்காமலே ஃபியூஸின் தலையில் தெரியும் இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட் பார்ப்பதுதான் மேல். எண் வந்தால் அந்த வழியாகப் பற்று போகிறது என்று அர்த்தம்.

ஓரிடத்தில் மட்டும் எனக்கே தயக்கம். எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எண் குறையாமல், ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றியதும் குறைந்தால், பழுது உள்ளேயிருக்கும் டயோடில். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விட வேண்டியது எதிர்த்திசையிலும் விடுகிறது. எந்தக் கருவியும் இதைக் கேட்டு வாங்கவில்லை, ஆகவே பற்று என்று சொல்ல மனம் வரவில்லை. இதற்கு மட்டும் ‘கசிவு’ என்று வைத்துக்கொள்ளலாமா? டயோடுக் கசிவு என்று அடைமொழியோடு சொன்னால் செய்தித்தாள் தீயும் அணைந்துவிடும். மின்னணுவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.