மலக்குடல் அறுவை சிகிச்சை: திறந்த முறை, லேப்ராஸ்கோபி, ரோபோ – உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சை மகள்

அப்பாவின் மலக்குடல் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடிந்து, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் அறுவை செய்தார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மலம் வெளியேற வயிற்றில் திறப்பு வைத்துப் பொருத்தியிருந்த தற்காலிகப் பையையும் மூன்று மாதத்தில் எடுத்து, திறப்பை மூடினார்கள். அடுத்த வாரம் ஒரு காதணி விழாப் பந்தியில் உட்கார்ந்தவர், சாம்பார் ஊற்றுவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்து ஓடினார். அன்று மட்டும் பதினான்கு முறை கழிவறைக்குப் போனார். இப்படி ஆகும் என்று மருத்துவமனையில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோபோவுக்குக் கூடுதலாகக் கேட்ட இரண்டு லட்சத்தை நாங்கள் புரட்டியிருக்க வேண்டுமோ என்ற எண்ணம் இன்னும் என்னை அரிக்கிறது.

கோவை 61

சகோதரி, எனக்கு ரோபோவில்தான் செய்தார்கள். முதல் ஆண்டு முழுவதும் எனக்கும் இதே நிலைதான். மலத்தைத் தேக்கி வைக்கும் மலக்குடலையே எடுத்துவிட்டு, பெருங்குடலை இறக்கி ஆசனவாய்க்கு அருகில் இணைக்கிறார்கள். இணைப்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு அவஸ்தை, ரேடியேஷன் அதைக் கூட்டும். 471 பேரை வைத்து நடந்த ரோலார் ஆய்வில் (2017), அறுவையின் பாதியில் திறந்த முறைக்கு மாற்றப்பட்டவர்கள் ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 12.2 சதவீதம், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. பணம் கட்டாததால் வந்த வினை என்று நினைக்காதீர்கள்.

மதுரை வடக்கு

கோவை நண்பர் ரோலாரோடு நிறுத்திவிட்டார். சீனாவில் 1,240 பேரைச் சேர்த்து நடந்த ரியல் ஆய்வில், வெட்டியெடுத்த பகுதியின் சுற்றுவிளிம்பில் புற்று காணப்பட்டது ரோபோவில் 4.0, லேப்ராஸ்கோபியில் 7.2 சதவீதம், அனுபவமுள்ள கைகளில் வித்தியாசம் உண்டு. ஆனால் பந்தியில் நடந்ததற்கு அது பதில் ஆகாது என்பதில் அவரோடு உடன்படுகிறேன்.

என் அம்மாவுக்குத் திறந்த முறை. முந்தின நாள் செவிலியர் அவரை உட்காரவும் குனியவும் சொல்லிப் பார்த்து, புடவைக் கொசுவம் செருகும் இடத்துக்குக் கீழே பை வைக்க வேண்டிய இடமாகப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்தால்தான் பை ஒருநாளும் ஒழுகவில்லை என்று நம்புகிறேன்.

சிறுகுடலை வயிற்றில் திறந்து பை வைத்திருப்பவர்கள், பையில் வெளியேறுவதை அளந்து பாருங்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்; வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் உப்பு இன்னும் வெளியேறும் என்பதால் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள். பை மூடிய பிறகு, எந்த உணவுக்கு எத்தனை முறை போகிறார் என்று ஒரு நோட்டில் எழுதிவந்து மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுப்போக்கைக் குறைக்கும் லோபரமைடு மருந்து எவ்வளவு, எப்போது என்பதை அவரே முடிவு செய்யட்டும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறையைப் பற்றிக் கேளுங்கள். தஞ்சை சகோதரி, அப்பா இப்போது எத்தனை முறை போகிறார் என்று எழுதுங்கள்.